சாவி என்னிடம் இல்லை

தம்பி, நீ சுகமா என்று கேட்டு இதைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது போன மழைக்காலத்திலிருந்தே ஜீப்பில் வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதனால் நீ எதைத் தேடுகிறாயோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜீப் சாவி என்னிடம் இல்லை. அரிசிப் பானைக்குள் இல்லை, சாமி படத்துக்குப் பின்னால் இல்லை, என் சுருக்குப் பையிலும் இல்லை. நீ வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனதை நான்தான் இன்னும் எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். சாவியை நம் ஜீப்பில் வேலைக்கு வருகிற பேச்சியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தைரியம் இருந்தால் அவளிடம் போய்க் கேட்டுப் பார்.

"சாவியக் குடுக்குற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, சின்னமனூரில் உன் கூட்டாளி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் என் குரல் கேட்டதும் நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள் நான். என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். வாழைத்தார் ஏற்ற அந்தப் பக்கம் வரும் உன் அப்பா இதைக் கையில் கொடுப்பார். கிழிக்கிறதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

உன் தொழில் என்னவென்று உனக்கு மறந்துபோயிருக்கலாம், அதனால் ஒரு தரம் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் போடியில் தெருத்தெருவாக வந்து எங்களை ஏற்றிக்கொள்கிறாய். மலையடிவாரத்து முந்தல் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறி, உச்சியில் இருக்கிற மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுகிறாய். சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிறாய். வண்டி நிறையப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாமல், கண் எரிய எரிய, இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு அந்த மலையில் ஏறியிருக்கிறாய், அதுவும் மாதக்கணக்கில். இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது, உன்னை நாலு அறை அறைய முடியவில்லையே என்று.

முன் சீட்டுக் கதையிலிருந்து வருகிறேன். நீ ஜீப் எடுத்த நாளிலிருந்து முன் சீட்டு என்னுடையது. பின்னால் அத்தனை பேரும் தூக்குச்சட்டியும் பையுமாக நெருக்கியடித்து வர, டிரைவரின் அம்மா என்று முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து போவதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது. மழைக்காலம் முடிந்து நீ பேச்சைக் குறைத்துவிட்டாய். கண் சிவந்தே கிடந்தது. பிள்ளைக்கு அலுப்பு என்று நினைத்தேன். பின்னால் பொம்பளைகள் பேசிச் சிரிப்பது உனக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நான்தான் திரும்பித் திரும்பி அதட்டினேன். "சத்தத்தக் கொறைங்கடி, பிள்ளைக்குத் தல வலிக்கப் போகுது." எனக்குப் பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வண்டியே கப்சிப். அந்த அமைதியில் எனக்கும் கண் அசந்தது. தூக்கத்துக்குத் தவிக்கிற டிரைவருக்குத் தாலாட்டுப் பாடாத குறைதான்.

அன்றைக்குப் புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் வண்டி குலுங்கியதும் விழித்தேன். இடது சக்கரம் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியிருந்தது. பேச்சியம்மா பின்னாலிருந்து எட்டி உன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நீ வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "காட்டுப்பன்னி குறுக்க வந்துருச்சு" என்றாய். நான் நம்பினேன். மேடு வந்து சேருகிற வரைக்கும் அந்தக் காட்டுப்பன்றியைத் திட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நான் ஏறப் போனபோது பேச்சியம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "இன்னைலருந்து நீ பின்னாடி உக்காருத்தா. முன்னாடி காத்தடிக்கிது, ஒன் ஒடம்புக்கு ஆகாது" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மகன் வண்டியில் எனக்கு இடம் சொல்ல இவள் யார் என்று பொருமினேன். நீயாவது ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன், நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு பேச்சியம்மா ஒரு நாள், செல்வி ஒரு நாள் என்று முறை வைத்து உட்கார்ந்தார்கள். இருக்கிறதிலேயே வாய் ஓயாத ஆட்கள் அவர்கள் இருவரும்தான். செல்வி சினிமாக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுவாள், விடுகதை போடுவாள், இஞ்சி மிட்டாயைப் பிரித்து உன் வாயில் போடுவாள், பதில் சொல்லாவிட்டால் "தம்பி, கேக்குறியா இல்லியா" என்று உலுக்குவாள். பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் திருப்பூரில் இருக்கிறான். உனக்கோ கெங்குவார்பட்டியில் பெண் பேசி முடித்தாயிற்று. அந்தக் கண்ணோடுதான் நான் பார்த்தேன்.

அப்புறம் அந்தச் செருப்பு. நீ டீ குடிக்கப் போயிருந்த நேரம், தார்ப்பாயை எடுக்கலாம் என்று உன் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒற்றைச் செருப்பு. பொம்பளைச் செருப்பு, பழுப்பு வாரில் தங்க நிறத்தில் பூப் போட்டது, அதிகம் நடந்து தேயாதது. எனக்கு வேறு என்ன தோன்றும்? அதை என் பைக்குள் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட எல்லோரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தபோது, அதை எடுத்துச் செல்வியின் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டேன்.

"இது யாருதுடி?"

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத ஏன் அயித்த எடுத்தீக? இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. நான் அதைக் குற்றமுள்ள குரல் என்று எடுத்துக்கொண்டேன்.

"புருசன் திருப்பூர்ல கெடக்கான், நீ இங்கன என் மகன் பக்கத்துல உக்காந்து கொஞ்சிக்கிட்டு வாரியா?"

ஆமாம், கேட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் கேட்டேன். செல்வி சட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "கொஞ்சுறோமா? காவக் காக்குறோம் அயித்த. ஒங்க மகன் தூங்கிறாம காவக் காக்குறோம். வாயி வலிக்க வலிக்கக் கத சொல்லிக்கிட்டு வாறேன், எதுக்குங்கறீக? எம்பிள்ளைகளுக்கு நான் வீடு திரும்ப வேணாமா? அன்னைக்கு வந்தது பன்னியும் இல்ல, நாயும் இல்ல. அவன் தூங்கிட்டான். நீங்களும் பக்கத்துலயே தூங்கிக்கிட்டு இருந்தீக."

எல்லோரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று. பேச்சியம்மா அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லியாச்சு. முழுசாவே கேட்டுக்கத்தா" என்றாள்.

தம்பி, அவள் சொன்னதை உனக்கே நான் திருப்பிச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரியட்டும். போன மழைக்காலத்தில் ஒரு நாள், அந்த மழையில், மூடுபனியில், நமக்கு முன்னால் போன ஜீப் ஓரக்கல்லை இடித்துக் கீழே சரிந்தது. நாங்கள் வண்டியிலேயே இருந்தோம், எங்களை இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நீ இறங்கிப் போனாய். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். கீழே காப்பிச் செடிக்குள் கிடந்த ஒரு பெண்ணை நீ முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தாய் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாதது, அவள் வழி நெடுக உன் காதில் "எஞ்செருப்பக் காணோம், எஞ்செருப்பக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் என்பது. அவளை ரோட்டில் படுக்கவைத்துவிட்டு, அந்தச் செருப்பைத் தேடி நீ திரும்ப இறங்கினாய். நீ அதை எடுத்துக்கொண்டு ஏறி வருவதற்குள் அவளை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தச் செருப்பு உன் சீட்டுக்கு அடியில்.

படுத்தால் உனக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொன்னாள். "படுத்தா வண்டி தானா ஸ்டார்ட் ஆகிருது பெரியம்மா. ஆஃப் பண்ண முடியல" என்று நீ அவளிடம் சொன்னாயாம். முந்தல் வருகிறதாம், ஒவ்வொரு வளைவாக வருகிறதாம், அந்த இடம் வந்ததும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறாயாம், அவளைக் காணவில்லையாம். உடனே வண்டி மறுபடி முந்தலுக்குப் போய்விடுகிறதாம். விடிய விடிய இதுதானாம். ராத்திரி பூராவும் மலையில் வண்டி ஓட்டிவிட்டு, விடிந்ததும் நிஜமாகவே ஓட்டக் கிளம்புகிறாய். நீ எப்படித் தூங்குவாய்?

இதைப் பேச்சியம்மாவிடம் சொல்லத் தெரிந்தது. செல்வியிடம் சொல்லத் தெரிந்தது. என்னிடம் சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இரண்டு நாள் இந்தக் கோபத்தில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் அடுப்படியில் நின்றபோது எனக்கே பதில் கிடைத்துவிட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நீ அன்றைக்கு நனைந்து நடுங்கிக்கொண்டு என்னோடு வீடு வந்து சேர்ந்தபோது நான் என்ன செய்தேன்? வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். ஜீப்புக்குப் பூசணிக்காய் உடைத்தேன், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். "அம்மா, அந்தக்கா" என்று நீ ஆரம்பித்தபோது, "இந்த வீட்ல இனிமே அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது, மறந்துரு" என்று உன் வாயை அடைத்தேன். பூசணிக்காய் உடைந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். உடைந்த பூசணிக்காயை அன்று சாயங்காலமே மாடு தின்றுவிட்டது. உனக்குள் இருந்தது அப்படியே இருந்திருக்கிறது.

அப்புறம் வந்த வைத்தியங்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கசகசா அரைத்துப் பாலில் கொடுத்தேன், ஜாதிக்காய் உரசிக் கொடுத்தேன், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தேன். குடித்துவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்தாய், உள்ளே வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும். உன் அப்பாவைக் கேட்டால், "படுத்தா தூக்கம் வரப்போகுது, இதுக்கெல்லாமா ஒரு பேச்சு" என்பார். அவர் தலையணையில் தலை படுவதற்கு முன்பே குறட்டை விடுகிற ஆள். பசியே தெரியாதவன் பட்டினிக்கு யோசனை சொல்கிற மாதிரி இருக்கும். நான் மட்டும் என்ன, "எதையும் நெனைக்காமக் கண்ண மூடுலே" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நினைக்காதே என்றால் நினைப்பு நின்றுவிடுமா? அடுப்பில் பொங்குகிற பாலைப் பார்த்துப் பொங்காதே என்று அதட்டினால் அது கேட்குமா? அடுப்பை அணைக்க வேண்டும், இல்லை பாத்திரத்தை இறக்க வேண்டும். இது தெரிந்த நான் அதட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நீ செய்ததும் ஒன்றும் உசத்தி இல்லை. எவனோ மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டிருக்கிறாய். உன் சட்டையைத் துவைக்கும்போது அட்டை கிடைத்தது. ராத்திரி வேலை செய்யாத அந்த மாத்திரை விடிகாலையில் வளைவில் வேலை செய்ததே, அது தெரியுமா உனக்கு? அந்தப் போன் வேறு. முகத்துக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, தூங்குவது எப்படி என்று எவனோ பேசுவதை விடிய விடிய விழித்திருந்து கேட்டிருக்கிறாய். மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வரும் என்று அவன் சொன்னானாம், நீயும் காதில் மாட்டிக்கொண்டு மழைச் சத்தம் கேட்டாயாம். ஏலே, எந்த மழையால் உன் தூக்கம் போனதோ அந்த மழையையேவா காதுக்குள் ஊற்றிக்கொண்டு படுத்தாய்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இதைச் சொன்ன பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

எல்லா வைத்தியத்திலும் கேடுகெட்ட வைத்தியம் நான் செய்ததுதான். "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டி, கெங்குவார்பட்டிப் பெண் வீட்டாரை அவசரப்படுத்தி, ஆவணியிலேயே முகூர்த்தம் என்று பேசிவிட்டேன். அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் உனக்கு மனைவி தேடவில்லை. வீட்டுக்குள்ளே ஒரு முன் சீட்டுப் போட்டு, ஆயுசு முழுக்க உன்னைக் காவல் காக்க ஒரு பெண்ணைத் தேடியிருக்கிறேன். பகலில் செல்வி, ராத்திரியில் அவள். அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அன்றைக்கே போன் போட்டு அவளுடைய அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அப்புறம் பெண்ணே வாங்கிப் பேசினாள். "ஆவணி வேணாம் அயித்த, தையில பாத்துக்கிருவோம். அவுக மொதல்ல தூங்கட்டும்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

நான் பேச்சியம்மாவிடம் ஒன்று கேட்டேன். இவ்வளவு தெரிந்தும் ஏன் இவன் வண்டியில் வந்தீர்கள், போடியில் வேறு ஜீப்பா இல்லை என்று. அவள் சொன்னதையும் கேட்டுக்கொள். "மத்த வண்டிக்காரங்க மழையின்னாலும் வெயிலுன்னாலும் பஸ் ஸ்டாண்டுல மொத்தமா எறக்கிவிட்டுப் போயிருவாங்க. ஒம் மகன் ஒருத்தந்தேன் வீட்டு வாசல்ல எறக்கிவிட்டு, உள்ள போற வரைக்கும் நிக்கிறவன். அவனப் பாதியில விட்டுட்டு எப்பிடித்தா போறது?" உன் பெருமையை நான் உனக்குச் சொல்லவில்லை. உன்னை விட்டுப் போகாததற்காக அவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். அதற்கும் எனக்கு அவர்கள்மேல் கோபம்தான். முதல் நாளே என் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைத் திட்டியிருக்க வேண்டும். செல்வி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி அயித்த" என்றாள், அவ்வளவுதான். அவள் கோபம் அவளுக்கு நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பேச்சியம்மாவும் சிலமலைக்குப் போனோம். அந்தப் பெண்ணின் ஊர் அது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு, வாசலில் ஒரு முருங்கை மரம், குழாயடிக்கு அடுத்த வீடு. அவளுடைய மகள் கதவைத் திறந்தாள், கல்லூரியில் படிக்கிற பிள்ளை. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் கவரைப் பிரித்து நீட்டினேன். அவள் அழவில்லை. உள்ளே போய், அலமாரிக்கு மேலிருந்து இன்னொரு செருப்பை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் சேலையோடு கொடுத்தார்களாம். இரண்டையும் தரையில் சேர்த்து வைத்தாள். "இதத் தேடித்தேன் ஒரு அண்ணன் திரும்ப எறங்கிப் போனாகன்னு கூட இருந்தவுக சொன்னாக. பேரு கேக்க விட்டுப்போச்சு. அவுகளப் பாக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருக்காக" என்றாள். அவர்கள் வீட்டில் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் குடித்தோம். கிளம்பும்போது அந்தப் பிள்ளை உன்னைக் கண்டிப்பாகக் கூட்டி வரச் சொன்னாள்.

உன்னைக் கேட்காமல் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். நீ அதைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மலையில் ஏறி இறங்கியது போதும். அது உன்னுடையது இல்லை.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன், பேச்சு வார்த்தை இல்லை. செவ்வாய்க்கிழமை தேனிக்குப் போகிறோம், டாக்டரைப் பார்க்கிறோம். "அது கிறுக்குக்குப் பாக்குற டாக்டருல்ல" என்று உன் அப்பா இழுத்தார். ஆமாம், தூங்காமல் வண்டி ஓட்டுகிறவன் கிறுக்கன்தான், அதற்கென்ன என்றேன். வேலைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே, தானும் வருகிறேன் என்றார். டாக்டரிடம் நீயே சொல்ல வேண்டும், செருப்பிலிருந்து எல்லாவற்றையும். நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று அவர் சொல்லி, பேச்சியம்மாவும் ஒப்புக்கொண்டால்தான் சாவி. அதுவரைக்கும் நாங்கள் வேறு ஜீப்பில் போகிறோம். அந்த டிரைவர் எங்களை பஸ் ஸ்டாண்டில்தான் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து நடந்து வருகிறோம். ஒருத்தியும் முனகவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் உனக்கு இன்னும் சில ராத்திரிகள் இருக்கின்றன. அதற்கு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். இது வைத்தியம் இல்லை, நினைக்காதே என்று நான் சொன்னதற்குப் பரிகாரம். வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிறது என்றாயே, ஆகட்டும். அதோடு மல்லுக்கு நிற்காதே. ஆனால் நீ எப்போது பார்த்தாலும் ஏறிக்கொண்டே இருக்கிறாய், அதுதான் தப்பு. ஒரு ராத்திரிகூட நீ எங்களை வீட்டில் கொண்டுவந்து விடவில்லை. மேட்டிலிருந்து வண்டியைத் திருப்பு. சாயங்காலம், மழை இல்லை, ரோடு காய்ந்து கிடக்கிறது. வளைவுகளை மெதுவாக இறங்கு, முந்தலைத் தாண்டு, போடிக்குள் வா. உன் வண்டியிலிருந்து இறங்குகிறவள் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள், இறங்கியாச்சு, நீ போகலாம் என்று. அந்தத் தட்டு கேட்காமல் நீ ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை. இப்போதும் அப்படியே செய். செல்வி வீட்டு வாசலில் நிறுத்து, அவள் பிள்ளைகள் ஓடி வரும், அவள் தட்டட்டும். பேச்சியம்மா வீட்டில் நிறுத்து, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்குவாள், அவசரப்படுத்தாதே. ஒவ்வொருத்தியாக இறக்கு, ஒவ்வொரு தட்டாகக் கேள். அப்புறம் வண்டியைச் சிலமலைக்கு விடு. அந்தப் பெண்ணும் உன் வண்டியில்தானே இத்தனை மாதமாக வந்துகொண்டிருக்கிறாள். வீடு தெரியாமல்தானே நீ சுற்றிக்கொண்டிருந்தாய். குழாயடிக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு, முருங்கை மரம். இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறது, பார்த்துக்கொள். அவள் இறங்கட்டும். அவள் உள்ளே போகிற வரைக்கும் நில்.

அப்புறம் வண்டியில் நான் ஒருத்திதான். நம் வீட்டோடு வண்டி நின்றுவிடும் என்பதால் நான் ஒரு நாளும் தட்டியதில்லை. பிள்ளைக்கு எதற்குத் தட்ட வேண்டும் என்று இறங்கி உள்ளே போய்விடுவேன். இப்போது தட்டுகிறேன், கேட்டுக்கொள். எல்லாரும் இறங்கியாச்சு. வண்டி காலி. ஆஃப் பண்ணிட்டு வந்து படுலே.